பாராட்டு விருந்துக்கு டிக்கெட் எவ்வளவு? – ஒரு கால்பந்து வரலாறு



இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் இங்கிலாந்திலிருந்து ஒரு போன். எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது லிவர்பூல் நகரத்தில் வேலை பார்க்கிறான். நலம் விசாரித்து முடித்ததும், "சார், எங்க ஆபீஸ்ல ரெண்டு பேருக்குள்ள பெரிய சண்டை. நீங்கதான் தீர்ப்பு சொல்லணும்" என்றான்.

சண்டை இதுதான். இரண்டு பேரும் ஒரே கால்பந்து கிளப்பின் ரசிகர்கள். அந்தக் கிளப்புக்குப் பல வருஷம் ஆடிய பழைய ஆட்டக்காரர் ஒருவருக்குப் பெரிய ஹோட்டலில் பாராட்டு விருந்து வைக்கிறார்கள். ஒரு ஆளுக்கு டிக்கெட் நூறு பவுண்டுக்கு மேல். பத்துப் பேர் உட்காரும் மேசையாக மொத்தமாகவும் வாங்கலாம். ஒருவர் சொல்கிறார்: "மழையிலும் பனியிலும் நின்று அவர் பெயரைத் தொண்டை கிழியக் கத்தியது என் அப்பாவும் நானும். விருந்தில் உட்காரப்போவது கம்பெனிக்காரர்களா?" இன்னொருவர் சொல்கிறார்: "நல்ல காரியத்துக்குப் பணம் சேர்க்கிறார்கள். முடிந்தால் வா, முடியாவிட்டால் விடு. இதில் என்ன குறை?"

"யார் சொல்றது சரி சார்?" என்று கேட்டான். ஒரு வாரம் டைம் கொடு என்றேன். முப்பது வருஷமாக உங்களுக்கெல்லாம் வீட்டுப்பாடம் கொடுத்தவன் நான். இந்த முறை எனக்கு ஒன்று கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாலு பவுண்டு சம்பளம்

இந்தச் சண்டையைப் புரிந்துகொள்ள நூறு வருஷத்துக்கு மேல் பின்னால் போக வேண்டும்.

இங்கிலாந்தில் காசு வாங்கிக்கொண்டு கால்பந்து ஆடலாம் என்று 1885-இல் அனுமதித்தார்கள். 1888-இல் லீக் போட்டிகள் தொடங்கின. மில்லிலும் சுரங்கத்திலும் வேலை பார்த்த பையன்கள் ஆட்டக்காரர்கள் ஆனார்கள். சனிக்கிழமை மத்தியானம் ஷிப்ட் முடிந்த தொழிலாளர்கள் சில்லறை கொடுத்து உள்ளே போய் ஆட்டம் பார்த்தார்கள். ஆடியவனும் பார்த்தவனும் ஒரே தெருக்காரர்கள்.

கூட்டம் பெருகியது, வசூலும் பெருகியது. ஆனால் 1901-இல் ஒரு சட்டம் போட்டார்கள். எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது. பணக்காரக் கிளப்புகள் நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் வாரிக்கொண்டு போய்விடக் கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். இதோடு இன்னொரு விதியும் இருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் விடாமல் ஆட்டக்காரன் வேறு கிளப்புக்குப் போக முடியாது. சம்பளத்துக்கும் கூரை, வாசலுக்கும் பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக் கட்டிப்போட்டவனுக்கு ஏதாவது ஆறுதல் வேண்டுமல்லவா? அதற்காக வந்ததுதான் 'பெனிஃபிட்'. ஐந்து வருஷம் ஒரே கிளப்பில் இருந்தால், கிளப் மனது வைத்தால், ஒரு ஆட்டத்தின் வசூலையோ ஒரு தொகையையோ அவனுக்குக் கொடுக்கலாம். 'மனது வைத்தால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். கேட்டு வாங்கும் உரிமையாக அது இல்லை.

இந்த வழக்கம் கிரிக்கெட்டில் இன்னும் ஆழமாக வேரூன்றியிருந்தது. மாவட்ட அணிக்குப் பல வருஷம் ஆடியவருக்கு ஒரு மேட்சை ஒதுக்குவார்கள். வசூல் அவருக்கு. ஆனால் மேட்ச் நடத்தும் செலவும் அவர் தலையில்தான். மழை வந்தால் போச்சு. சாமர்செட் அணியில் பெர்ட்டி பியூஸ் என்று ஒருவர். 1953 ஜூன் மாதம் பாத் நகரில் அவருக்காக ஒதுக்கிய மேட்ச் மூன்று நாள் நடக்க வேண்டியது. ஆடுகளம் அவ்வளவு மோசம், லங்காஷயர் அணியிடம் ஒரே நாளில் சாமர்செட் தோற்றுப்போனது. மீதி இரண்டு நாள் வசூல் காலி. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஒரு நாளில் பந்து வீசி எதிரணி விக்கெட்டுகளைச் சாய்த்தவர்களில் அவரும் ஒருவர். தன் விருந்துக்கான இலையைத் தானே மடித்துவிட்டார் பாவம்.

அரசாங்கம் கேட்ட பங்கு

பணம் என்று வந்தால் வரி அதிகாரியும் வருவார். கென்ட் அணிக்கு ஆடிய ஜேம்ஸ் சீமோர் என்ற கிரிக்கெட் ஆட்டக்காரருக்கு 1920-இல் பெனிஃபிட் மேட்ச் நடந்தது. அந்தப் பணத்துக்கு வரி கட்டு என்றார்கள். வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. 1927-இல் தீர்ப்பு வந்தது: இது சம்பளம் இல்லை, மக்கள் அன்பாகக் கொடுத்த பரிசு, ஆகவே வரி கிடையாது.

இந்தத் தீர்ப்பை நான் இரண்டு மூன்று தடவை யோசித்துப் பார்த்தேன். பாராட்டு விழா வசூல் என்பது என்ன? முதலாளி கொடுக்கும் கூலியா, ரசிகர்கள் கொடுக்கும் அன்பளிப்பா? நீதிமன்றம் அன்பளிப்பு என்றது. அன்பளிப்பு என்றால் கொடுப்பவன் யார், எவ்வளவு கொடுக்கிறான், அவனால் கொடுக்க முடிகிறதா என்பதெல்லாம் முக்கியமாகிவிடுகிறது. என் மாணவனின் ஆபீஸ் சண்டைக்கு அந்த இடத்தில்தான் வேர் இருக்கிறது.

டிக்ஸி டீன்

லிவர்பூலில் இருப்பவன் கேட்ட கேள்விக்கு லிவர்பூல் கதையே சொல்கிறேன்.

அந்த நகரத்தில் இரண்டு பெரிய கிளப்புகள். ஒன்று லிவர்பூல், இன்னொன்று எவர்ட்டன். எவர்ட்டன் கிளப்பின் மிகப் பெரிய பெயர் டிக்ஸி டீன். ஆற்றுக்கு அக்கரையில் பர்க்கன்ஹெட்டில் 1907-இல் பிறந்தவர். 1925-இல் 3,000 பவுண்டு கொடுத்து எவர்ட்டன் அவரை வாங்கியது. அந்தப் பணம் அவரை விற்ற கிளப்புக்குப் போனது. 1927–28 சீசனில் லீக் ஆட்டங்களில் மட்டும் 60 கோல் போட்டார். நூறு வருஷம் ஆகப்போகிறது, இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் தொடவில்லை.

அறுபது கோல் போட்டவருக்குச் சம்பளம் என்ன? அப்போதைய உச்சவரம்பு சீசனில் வாரத்துக்கு 8 பவுண்டு. அறுபது கோல் போட்டாலும் ஆறு கோல் போட்டாலும் அதற்கு மேல் போகாது.

1938-இல் எவர்ட்டனை விட்டுப் போனார். பிறகு ஆட்டம் நின்றது. செஸ்டர் நகரத்தில் ஒரு மதுக்கடை நடத்தினார். அதற்கப்புறம் லிவர்பூலில் கால்பந்துப் பந்தயச் சீட்டு நடத்தும் லிட்டில்வுட்ஸ் கம்பெனியில் போர்ட்டராக வேலை பார்த்தார். எந்த ஆட்டத்தால் ஊர் அவரைக் கொண்டாடியதோ, அதே ஆட்டத்தின் மேல் பந்தயம் கட்டும் கம்பெனியில் போர்ட்டர். புகார் சொல்லிக்கொண்டு திரிந்த மனிதர் இல்லை அவர். நமக்குத்தான் மனது கேட்கவில்லை.

1964 ஏப்ரலில் ஊர் விழித்துக்கொண்டது. எவர்ட்டனின் கூடிசன் பார்க் மைதானத்தில் அவருக்காக ஒரு பெனிஃபிட் ஆட்டம் வைத்தார்கள். எவர்ட்டன், லிவர்பூல் இரண்டு கிளப்பிலும் இருந்த இங்கிலாந்துக்காரர்கள் ஒரு அணி, ஸ்காட்லாந்துக்காரர்கள் ஒரு அணி. ஜென்ம விரோதிகள் ஒன்றாகச் சேர்ந்து ஆடினார்கள். முப்பதாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். சுமார் 7,000 பவுண்டு சேர்ந்தது. அவர் எவர்ட்டனை விட்டு 26 வருஷம் ஆகியிருந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் அவர் ஆடிப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அப்பா சொல்லக் கேட்டு வந்திருப்பார்கள்.

இங்கே கரும்பலகைக் கணக்கு ஒன்று. அன்று ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். 7,000 பவுண்டு என்றால் 1,40,000 ஷில்லிங். முப்பதாயிரம் பேரால் வகுத்தால் தலைக்கு ஐந்து ஷில்லிங்கூட வரவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவனும் எடுத்து வைக்கக்கூடிய பணம் அது.

1980 மார்ச் 1-ஆம் தேதி அதே கூடிசன் பார்க்கில் எவர்ட்டனும் லிவர்பூலும் ஆடியதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது டீன் மாரடைப்பில் இறந்துபோனார். 2001-இல் மைதானத்துக்கு வெளியே சிலை வைத்தார்கள். சிலை பார்க்க டிக்கெட் கிடையாது.

குழாய் ரிப்பேர் செய்த மேதை

சம்பள உச்சவரம்பு எப்படி உடைந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பிரஸ்டன் என்ற ஊரின் கிளப்பில் டாம் ஃபின்னி என்று ஒருவர் இருந்தார். இங்கிலாந்து கண்ட மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். ஆனால் வயிற்றுப்பாட்டுக்குக் குழாய் வேலை. 'பிரஸ்டன் பிளம்பர்' என்றே அவருக்குப் பெயர். 1952-இல் இத்தாலியின் பலெர்மோ கிளப் அவரைக் கூப்பிட்டது. கையெழுத்துப் போட்டால் 10,000 பவுண்டு, மாதம் 130 பவுண்டு சம்பளம், வீடு, கார். அப்போது இங்கிலாந்தில் உச்சவரம்பு வாரத்துக்கு 14 பவுண்டு. கிளப் தலைவர் முடியாது என்று சொல்லிவிட்டார். ஃபின்னி திரும்பிக் குழாய் மாட்டப் போனார். 1960 வரை பிரஸ்டனுக்கே ஆடினார். இதை விசுவாசம் என்று எல்லோரும் புகழ்கிறோம். விசுவாசம் இருந்தது உண்மைதான். வாசல் பூட்டியிருந்ததும் உண்மை.

1961-இல் ஆட்டக்காரர் சங்கம் கிளர்ந்தது. சங்கத் தலைவர் ஜிம்மி ஹில். அப்போதைய உச்சவரம்பு வாரம் 20 பவுண்டு. வேலைநிறுத்தம் செய்யலாமா என்று கூட்டம் போட்டார்கள். ஒரு இளைஞன் எழுந்து, சுரங்கத்தில் உழைக்கும் என் அப்பாவுக்கே இவ்வளவு வருவதில்லையே, நமக்கு எதற்கு என்று கேட்டானாம். போல்ட்டன் கிளப்பின் டாமி பேங்க்ஸ் எழுந்தார். உன் அப்பா வேலையை நான் செய்துவிடுவேன் தம்பி, முப்பதாயிரம் பேர் பார்க்க ஸ்டான்லி மேத்யூஸைத் தடுக்க உன் அப்பாவால் முடியுமா என்று கேட்டார் என்று சொல்வார்கள். கூட்டம் மொத்தமும் அவர் பக்கம் சாய்ந்தது. அந்த ஜனவரியிலேயே உச்சவரம்பு போனது. ஃபுல்லம் கிளப்பின் ஜானி ஹெய்ன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு என்று பேச்சானது. 1963-இல் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் போட்ட வழக்கில், ஆட்டக்காரனைப் பிடித்து வைக்கும் அந்தப் பழைய முறை நியாயமில்லை என்று நீதிமன்றம் சொன்னது.

இப்போது ஒரு கேள்வி வரவேண்டும். சம்பளம் குறைவு என்பதற்காக வந்த பெனிஃபிட், சம்பளம் கூடியதும் போயிருக்க வேண்டாமா?

போகவில்லை. 'டெஸ்டிமோனியல்' என்ற பெயரில் தொடர்ந்தது. ஒரே கிளப்பில் பத்து வருஷம் இருந்தவருக்குப் பாராட்டு ஆட்டம் என்று வழக்கமானது. 1965-இல் ஐம்பது வயது வரை ஆடிய ஸ்டான்லி மேத்யூஸுக்கு ஸ்டோக் நகரில் வழியனுப்பு ஆட்டம் நடந்தது. புஷ்காஷ், டி ஸ்டெஃபானோ, யாஷின் என்று உலகத்தின் பெரிய தலைகள் எல்லாம் வந்து ஆடினார்கள். ஊருக்கே திருவிழா. காரணம் மாறிவிட்டது, ஆனால் பழக்கம் நின்றது. நம் வீடுகளில் சில சடங்குகள் இப்படித்தான் நிற்கின்றன.

நின்றவர்கள் எங்கே போனார்கள்?

அடுத்தது வருத்தமான பகுதி. 1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நின்று பார்க்கும் பகுதியில் லிவர்பூல் ரசிகர்கள் நசுங்கினார்கள். 97 பேர் உயிர் போனது. விசாரித்த நீதிபதி டெய்லர், பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்று 1990-இல் பரிந்துரைத்தார். அதே அறிக்கையில் விலையைப் பற்றியும் சொன்னார். இருக்கை போட்டாலும் விலை எட்டாமல் போகத் தேவையில்லை. கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் உட்கார 6 பவுண்டு, நிற்க 4 பவுண்டுதான் என்று உதாரணம் காட்டினார்.

இருக்கை வந்தது. 1992-இல் பிரீமியர் லீக் வந்தது. டிவி பணம் கொட்டியது. 6 பவுண்டு என்ற அந்த உதாரணத்தை மட்டும் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

2016-இல் லிவர்பூல் கிளப் தன் ஆன்ஃபீல்டு மைதானத்தில் புதிதாகக் கட்டும் பகுதியில் அதிகபட்ச டிக்கெட் 77 பவுண்டு என்று அறிவித்தது. பிப்ரவரி 6-ஆம் தேதி சண்டர்லாண்டு அணியோடு ஆட்டம். லிவர்பூல் இரண்டு கோல் முன்னிலை. சரியாக 77-ஆவது நிமிஷத்தில் சுமார் பத்தாயிரம் பேர் எழுந்து வெளியே நடந்துவிட்டார்கள். ஜெயிக்கிற ஆட்டத்தை விட்டுவிட்டு எழுந்து போவது ரசிகனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று யோசியுங்கள். ஆட்டம் கடைசியில் 2–2 சமன் ஆனது. சில நாட்களில் கிளப் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு அந்த விலையைக் கைவிட்டார்கள். அடுத்த மாதமே, வெளியூர் ஆட்டம் பார்க்கப் போகும் ரசிகர்களுக்கு டிக்கெட் 30 பவுண்டுக்கு மேல் கூடாது என்று பிரீமியர் லீக் கிளப்புகள் ஒத்துக்கொண்டன.

அந்த ஊர்க்காரர்களுக்கு டிக்கெட் விலை என்பது வெறும் காசு விஷயம் இல்லை என்பதைக் காட்டத்தான் இதைச் சொன்னேன். இந்த இடம் யாருடையது என்ற கேள்வியை அவர்கள் விலையைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள்.

மேசைக் கணக்கு

இப்போது விருந்துக்கு வருவோம்.

பாராட்டு ஆட்டம் வைப்பது இப்போது சுலபம் இல்லை. ஆட்ட அட்டவணை நெருக்கடி. பத்து வருஷம் ஒரே கிளப்பில் இருக்கும் ஆட்டக்காரர்களே குறைவு. பழைய ஆட்டக்காரருக்கு என்றால் மைதானம், போலீஸ், காப்பீடு எல்லாம் செலவு. ஹோட்டலில் விருந்து வைப்பது எளிது. பத்துப் பேர் மேசையைக் கம்பெனிகள் வாங்கும். கையெழுத்துப் போட்ட சட்டை ஏலத்துக்கு வரும். பழைய கதைகள் சொல்லுவார்கள். நம் பக்கத்து மொய் விருந்து மாதிரிதான். ஆனால் மொய் விருந்தில் இலையில் உட்கார்ந்த பிறகு அவரவர் சக்திக்கு எழுதுவோம். அங்கே எழுதிய பிறகுதான் இலை.

திரும்பக் கரும்பலகைக்கு வாருங்கள். ஆளுக்கு 100 பவுண்டு என்றால் 7,000 பவுண்டுக்கு எத்தனை பேர் வேண்டும்? எழுபது பேர். ஏழு மேசை. 1964-இன் பவுண்டும் இன்றைய பவுண்டும் ஒன்றல்ல என்று கணக்குப் பிள்ளைகள் சண்டைக்கு வராதீர்கள். நான் சொல்ல வருவது வேறு. அன்று முப்பதாயிரம் பேர் கூடிச் செய்ததை இன்று ஒரு கல்யாண மண்டபத்தின் ஒரு மூலை செய்துவிடும். பணம் சேர்ந்துவிடும். ஊர் சேராது.

அதனால் விருந்தே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்.

1966-இல் இங்கிலாந்து உலகக் கோப்பை ஜெயித்தது. ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்த பரிசு ஆளுக்கு 1,000 பவுண்டு. அந்த அணியின் ரே வில்சன் பிறகு இறந்தவர்களை அடக்கம் செய்யும் குடும்பத் தொழிலை நடத்தினார். கோல்கீப்பர் கார்டன் பேங்க்ஸ் 2001-இல் தன் பதக்கத்தை விற்றார். நாபி ஸ்டைல்ஸ் 2010-இல் ஏலம் விட்டார். அவருடைய பதக்கத்தை அவர் ஆடிய மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பே வாங்கிக்கொண்டது. கனமான பழைய தோல் பந்தைத் தலையால் முட்டி முட்டி மூளை பாதித்தவர்களும் உண்டு. வெஸ்ட் பிராம்விச் கிளப்பின் ஜெஃப் ஆஸ்டில் 2002-இல் 59 வயதில் இறந்தபோது, இது தொழிலால் வந்த நோய் என்று விசாரணை அதிகாரி எழுதினார். 2019-இல் கிளாஸ்கோ ஆய்வாளர்கள், முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் மூளை நரம்பு நோய்களால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு என்று கண்டார்கள்.

இப்படிப்பட்ட ஒருவருக்கோ அவர் மனைவிக்கோ ஒரு விருந்து நடத்திப் பணம் திரட்டினால், டிக்கெட் நூறு என்ன, இருநூறு வைத்தாலும் நான் கை தட்டுவேன். பணக்காரனிடம் வாங்கி உடம்பு முடியாதவனுக்குக் கொடுப்பதில் என்ன பாவம்?

கோடீஸ்வர ஆட்டக்காரர்களிலும் வழி காட்டியவர்கள் உண்டு. 2002 மே மாதம் சண்டர்லாண்டில் நயல் குவினுக்கு டெஸ்டிமோனியல் நடந்தது. அயர்லாந்து அணி வந்து ஆடியது. வரும் பணம் எனக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். சுமார் 10 லட்சம் பவுண்டு, குழந்தைகள் மருத்துவமனைகள் முதலான தருமங்களுக்குப் போனது. 2006-இல் நியூகாசிலின் ஆலன் ஷியரரும் அப்படியே. சுமார் 16 லட்சம் பவுண்டு தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுத்தார். அதன் பிறகு பெரிய ஆட்டக்காரர்கள் பலர் அந்த வழியில் போனார்கள். அரசாங்கமும் காலத்தைப் புரிந்துகொண்டு 2017 ஏப்ரல் முதல் சட்டத்தை மாற்றியது. பாராட்டு வசூலில் முதல் ஒரு லட்சம் பவுண்டுக்குத்தான் வரிவிலக்கு, அதற்கு மேல் வரி. 1927-இல் சீமோருக்குச் சொன்ன தீர்ப்புக்குத் தொண்ணூறு வருஷம் கழித்து ஒரு வரம்பு கட்டினார்கள்.

என் வீட்டு வாசலில் ஒரு சீப்பு வாழைப்பழம்

தீர்ப்பு சொல்லும் முன் என் கதை ஒன்று. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் ஓய்வு பெற்றபோது பிரிவு உபசார விழா வைத்தார்கள். சக ஆசிரியர்கள் சேர்ந்து ஹோட்டலில் சாப்பாடு, எனக்கு ஒரு மோதிரம் என்று ஏற்பாடு. தலைக்கு இவ்வளவு என்று வசூல். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கௌரவிக்கப்படுகிறவன் அதையெல்லாம் கேட்டால் மரியாதையாக இருக்காது என்று நினைத்தேன். நல்ல விழா. நிறையப் புகழ்ந்தார்கள். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை வாசலில் ஆயாம்மா நிற்கிறார். பல வருஷமாக எங்கள் பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கியவர். நீங்கள் வாந்தி எடுத்தால் துடைத்தவர். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். "தலைக்கு அறுநூறு ரூபான்னாங்க சார். என்னால முடியல. அதான் நேத்து வரல. தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார்.

அவர் வராததை நான் முந்தின நாள் கவனிக்கவே இல்லை. அதுதான் இன்னும் என்னை உறுத்துகிறது. வசூல் செய்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். ஆனால் நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ஆயாம்மாவும் வாட்ச்மேனும் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். கேட்க வேண்டியவன் நான்தான்.

அப்படியானால் யார் சொல்வது சரி?

லிவர்பூல் பையனுக்கு நான் சொன்ன பதில் இது.

உன் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரும் டிக்கெட் விலையைப் பற்றியே பேசுகிறார்கள். விலையை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. முதலில் பணம் யாருக்குப் போகிறது என்று கேட்கச் சொல். நோயாளிக்கோ ஏழைப்பட்ட பழைய ஆட்டக்காரருக்கோ தருமத்துக்கோ போகிறது என்றால் முதல் நண்பர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். அது தெளிவாகச் சொல்லப்படவில்லை என்றால் இரண்டாவது நண்பர் வாயை மூடிக்கொள்ளலாம்.

அடுத்து, நூறு பவுண்டு இல்லாதவனுக்கு அந்த மாலையில் ஏதாவது இடம் உண்டா என்று கேட்கச் சொல். ஒன்றிரண்டு மேசையைக் குலுக்கல் போட்டுப் பழைய சீசன் டிக்கெட்காரர்களுக்குக் கொடுக்கலாம். மறுநாள் மைதானத்தில் ஒரு மணி நேரம், கட்டணம் இல்லாமல், வருகிறவர்களுக்கெல்லாம் அவர் கை கொடுக்கலாம். செலவு ஒன்றும் இல்லை. 1964-இல் முப்பதாயிரம் பேருக்குத் திறந்திருந்த கதவை ஒரு சாண் அளவாவது திறந்து வைக்கலாமே.

கடைசியாக, விருந்து நாயகனே இதைக் கேட்டாரா? குழு தீர்மானித்தது, ஹோட்டல் தீர்மானித்தது என்று சொல்லி அவர் ஒதுங்க முடியாது. குவின் ஒரு வார்த்தை சொன்னார், அந்த ஆட்டத்தின் அர்த்தமே மாறியது. நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரு சீப்பு வாழைப்பழம் என் வாசலுக்கு வந்தது.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சார், ஆயாம்மா இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டான். நன்றாக இருக்கிறார்கள். போன பொங்கலுக்குக்கூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கண்தான் கொஞ்சம் மங்கல்.

உங்களில் பலர் இப்போது நல்ல நிலையில் இருக்கிறீர்கள். ஆபீஸில், சங்கத்தில், குடும்பத்தில் யாருக்காவது பாராட்டு விழா வைப்பீர்கள். ஒருநாள் உங்களுக்கே வைப்பார்கள். தலைக்கு எவ்வளவு என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். யார் வரவில்லை என்றும் பாருங்கள்.

ஆயாம்மாவைப் பார்க்க விரும்புகிறவர்கள் எனக்குத் தனியாகப் போன் செய்யுங்கள், கூட்டிப் போகிறேன். கால்பந்து தெரிந்தவர்கள் நான் எங்காவது தவறாக எழுதியிருந்தால் கீழே திருத்துங்கள். ஆசிரியரைத் திருத்தும் வாய்ப்பு அடிக்கடி வராது!

அன்புடன்,
உங்கள் சார்